சிவிலைசேஷன் 6 கணினி ஆட்டத்தின் பிற்பகுதியில் சுற்றுகள் ஏன் மெதுவாகின்றன?

நம் நகர்வு முடிந்தபின், கணினி இயக்கும் நாடுகள் தங்கள் நகர்வுகளை முடிக்க எடுத்துக்கொள்வதே சுற்று நேரம். ஆட்டம் வளர வளர நகரங்களும் படைகளும் பெருகும். ஒவ்வொரு படைக்கும் வழி தேடுவது, போரா சமாதானமா என்று தீர்மானிப்பது எல்லாம் மையச் செயலியின் (CPU) வேலை. ஒரு முடிவு அடுத்ததைப் பாதிப்பதால், இவற்றைச் செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளான பல கோர்களுக்குப் பங்கிடுவதும் கடினம். எனவே ஒவ்வொரு கோரின் வேகமே முக்கியம். பந்தியில் சோறு வேகாதபோது பரிமாற ஆள் கூட்டி என்ன பயன்?

2016இல் வெளியான இந்த ஆட்டத்திலேயே சுற்று நேரத்தை அளக்கும் சோதனை இருக்கிறது. கணினியை மேம்படுத்தப் பணம் செலவழிக்கும் முன் அதை அவசியம் ஓட்டிப் பாருங்கள்.

விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இந்தக் காத்திருப்பைக் குறைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது காட்சியை அழகாக்கும், சுற்றை விரைவாக்காது.