எடிட்டரிலேயே சைட்மேப்: வாசகர் கேள்விகள்

என் தளத்தில் எண்பது எச்டிஎம்எல் பக்கங்கள்தான். விம் எடிட்டரை விட்டு வெளியே போகாமலே சைட்மேப் (தேடுபொறிகளுக்குத் தளத்தின் பக்க முகவரிகளைச் சொல்லும் கோப்பு) தயாரிக்க முடியுமா?

தாராளமாக. புதுக் கோப்பைத் திறந்து, ரீட் (:read) கட்டளையை அடுத்து ஆச்சரியக்குறி போட்டு, கோப்புகளைத் தேடிப் பட்டியலிடும் ஃபைண்ட் (find) கட்டளையைக் கொடுங்கள். எண்பது கோப்புகளின் பெயரும் வரிக்கு ஒன்றாக வந்து இறங்கும்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். டேக் போடுவதற்கு முன் பட்டியலை ஒருமுறை படித்து, 404 பக்கம், "நன்றி" பக்கம், பாதியில் நிற்கும் வரைவுகள் எல்லாவற்றையும் நீக்குங்கள். நான் ஒருமுறை படிக்காமலே ஏற்றிவிட்டேன். விலை போடாத விலைப்பட்டியல் ஒன்று தேடலில் வந்து நின்றது!

அப்புறம் வேலை சுலபம். ஒவ்வொரு வரியின் தலையிலும் ./ ஒட்டிக்கொண்டிருக்கும். ^\./ என்று தேடி, அந்த இடத்தில் யூஆர்எல் (url), லாக் (loc) டேக்குகளையும் தள முகவரியையும் வையுங்கள். பிறகு $ என்று தேடி, வரிக் கடைசியில் இரண்டு டேக்குகளையும் மூடுங்கள். முகவரி முழுக்கச் சாய்கோடாக இருப்பதால், தேடுவதையும் மாற்றுவதையும் பிரிக்கும் பிரிப்புக்குறியாக # போட்டுக்கொண்டால் கண் தப்பிக்கும். இந்த இரண்டு வரிகளையும் ஒரு ஃபங்ஷனில் போட்டுவைத்தால் அடுத்த முறை ஒரே கட்டளைதான். நோட்பேட் பிளஸ் பிளஸ் வைத்திருப்பவர்கள் பைதான்ஸ்கிரிப்ட் ப்ளக்இன்னில் இதையே செய்யலாம்.

எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரி ("இது எக்ஸ்எம்எல் கோப்பு" என்று சொல்வது) கோப்பின் தொடக்கத்தில் இல்லை என்கிறது பிரவுசர். முதலில்தானே வைத்திருக்கிறேன்?

முதல் வரியைப் பாருங்கள், காலியாக இருக்கும். ரீட் கட்டளை எதையும் கர்சர் நிற்கும் வரிக்குக் கீழேதான் கொட்டும். மேலே ஒரு வெற்று வரி தங்கிவிடும். அதற்குக் கீழே அறிவிப்பை எழுதியிருப்பீர்கள். வெற்று வரியை அழித்தால் சரி.

இன்னும் பிழை வந்தால் முகவரிகளில் & இருக்கிறதா என்று தேடுங்கள். அதை &#38; என்று மாற்றியாக வேண்டும். ஆனால் விம்மில் மாற்றும் பகுதியில் வெறும் & போட்டால், "தேடிக் கிடைத்தது" என்று அது பொருள் கொள்ளும். \&#38; என்று எழுதுங்கள். இந்த இடத்தில் மட்டும் பிரிப்புக்குறி # வேண்டாம், பழைய சாய்கோடே இருக்கட்டும். ஒரே கோப்பில் இதை இரண்டு தடவை ஓட்டிவிடாதீர்கள்; &#38;#38; என்று குட்டி போடும்.

லாஸ்ட்மாட் (lastmod) தேதியை, அதாவது பக்கம் கடைசியாக மாறிய நாளை, ஸ்கிரிப்டே போட்டுவிடலாமா?

போடலாம், ஆனால் இன்றைய தேதியை எல்லாப் பக்கத்துக்கும் போடக் கூடாது. தேதி தொடர்ந்து நம்பும்படி இருந்தால்தான் கூகுள் அதைப் பொருட்படுத்துகிறது. கோப்பின் தேதியை எடுப்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலிருந்து (Git) புதிதாக க்ளோன் செய்தால், அதாவது நகல் எடுத்தால், எல்லாக் கோப்புக்கும் க்ளோன் செய்த நேரமே விழும். ஒவ்வொரு கோப்பின் கடைசி கமிட் (மாற்றத்தைப் பதிந்த) தேதியைக் கிட்டிடமே கேட்டு வாங்குங்கள். 2024-03-09 போல வருடம் முதலில் வர வேண்டும். பிரயாரிட்டி (பக்கத்தின் முக்கியத்துவம்), சேஞ்ச்ஃப்ரீக் (எவ்வளவு அடிக்கடி மாறும்) என்ற டேக்குகள் இரண்டையும் கூகுள் கண்டுகொள்வதில்லை. எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கோப்புப் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. அப்படியே போடலாமா?

சதவீதக் குறியீட்டுக்கு (ஒவ்வொரு பைட்டையும் % குறியோடு எழுதும் முறை) மாற்றித்தான் போட வேண்டும். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஒரு பைட்டுக்கு 3 எழுத்து. "தமிழ்" என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி, ஆக 45 எழுத்து நீளும். பயப்பட வேண்டாம், ஒரு முகவரி 2048 எழுத்துக்குள் இருந்தால் போதும். இதைத் தேடி மாற்றும் கட்டளையில் செய்ய முயலாதீர்கள். பைதானில் இதற்கென்றே ஃபங்ஷன் இருக்கிறது.

பக்கங்கள் கூடிக்கொண்டே போனால்?

ஒரு கோப்பில் 50,000 முகவரி, 50 எம்பி வரை தாங்கும். ஆனால் சில நூறைத் தாண்டினாலே எடிட்டரை விட்டு வெளியே வந்து, தனி ஸ்கிரிப்டாக ஓட்டுவதுதான் என் வழக்கம். வேர்ட்பிரஸ் என்றால் இந்த வேலையே இல்லை. 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது.

என் பழைய ஸ்கிரிப்டின் கடைசி வரி கூகுளுக்குப் பிங் ("சைட்மேப் மாறியது" என்ற தகவல்) அனுப்பும். இப்போது 404 வருகிறதே?

அந்த வரியைத் தூக்கிவிடுங்கள். பிங் வசதியை நிறுத்துவதாக 2023-லேயே கூகுள் அறிவித்துவிட்டது. ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt) சைட்மேப்பின் முழு முகவரியை ஒரு வரி எழுதி, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் ஒருமுறை கொடுத்துவிடுங்கள்.