அப்பாரு விட்டுப்போன வெள்ளி ரூபாய் கறுத்துக் கிடக்கிறது, துலக்கி விற்கலாமா?

கேட்டவர் ஈரோட்டுப் பக்கம். அவர் அப்பாரு வைத்திருந்த ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய்கள் கறுத்துவிட்டன, பளபளப்பாக்கினால் கூடுதல் விலை வருமா என்கிறார்.

துலக்காதீங்க. புளி, திருநீறு, பூந்திக்கொட்டை, பல் பேஸ்ட் எதுவும் வேண்டாம். கொலுசுக்கு மெருகு போட்டால் அழகு, பழைய காசுக்குப் போட்டால் சேகரிப்பாளர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வெள்ளி விலைதான் சொல்லுவார். அந்த ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி, ஆக வெள்ளி மட்டும் கிட்டத்தட்ட 10.7 கிராம். இந்தக் கணக்குக்கு மேலே கிடைக்கிற பணம் எல்லாம் வருடம், அச்சடித்த நாணயச்சாலை, அப்புறம் கை படாத மேற்பரப்பு இவற்றுக்குத்தான். பேஸ்டில் இருக்கிற சன்னமான பொடி தேய்த்த திசையிலேயே கீறல் விடும், லென்ஸ் வைத்தால் உடனே தெரிந்துவிடும். உங்களுடையது 1911 ஆக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அரசர் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று பிரச்சினையாகி 1912இல் அந்த உருவத்தைத் திருத்தினார்கள், அதனால் அந்த ஒரு வருடக் காசைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. அந்த யானையையே தேய்த்து மழுக்கிவிட்டால் என்ன மிச்சம்? பின்பக்கம் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய் நாணயச்சாலையில் அச்சடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா, அந்தப் புள்ளியும் துலக்குகிற கைக்குத் தப்பாது.

கறுத்தால் போலி வெள்ளி என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற படலமாகப் படிகிறது, அவ்வளவுதான். படலம் மெலிசாக இருக்கும்போது ஒளி அதன் மேலும் கீழும் பட்டுத் திரும்பி, மழைத் தண்ணீரில் மிதக்கும் டீசல் மாதிரி நிறம் காட்டும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பு, ஊதா, நீலம், தடிக்கத் தடிக்கக் கடைசியில் கறுப்பு. சேகரிப்பாளர்கள் டோனிங் என்று சொல்வது இதைத்தான், நல்ல நிறமாக அமைந்துவிட்டால் கூடுதல் விலை கொடுக்கவும் ஆள் இருக்கிறது. ஈரமும் கந்தகமும் சேர்கிற இடத்தில் வேகமாகக் கறுக்கும், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையை ஒட்டி வீடு இருந்தால் சொல்லவே வேண்டாம். ரப்பர் பேண்டு, கம்பளி, செய்தித்தாள் பொட்டலம் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

இதிலும் ஏமாற்று உண்டு. அவித்த முட்டையோடு காசை மூடி வைத்தும், கந்தகப் பொடியில் சூடாக்கியும் வானவில் நிறம் வரவழைக்கிறார்கள். தானாக வந்ததில் நிறம் ஓரத்திலிருந்து உள்ளே மெதுவாக மாறிக்கொண்டு போகும், எழுத்துகளைச் சுற்றி நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், சாய்த்துப் பார்த்தால் அடியில் அச்சுப் பளபளப்பு சுழலும். செய்வித்ததில் நிறம் வண்ணம் பூசியது போல மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே சீராக ஓடும். எனக்கென்னவோ அந்தப் பளிச்சென்ற நீலத்தைவிட அடக்கமான சாம்பல் நிறக் காசுதான் பிடிக்கும்.

கடைகளில் கிடைக்கும் டிப் திரவம் முக்கினால் வெளுத்துவிடும், ஆனால் சல்பைடாக மாறிய வெள்ளியையும் சேர்த்தே கரைத்து எடுத்துவிடும், ஒன்றிரண்டு தடவைக்குள் காசு செத்த மீன் கண்ணாகிவிடும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் போடுகிற வித்தையும் வேண்டாம். கறுப்பு வெள்ளியாகத் திரும்பும், பழைய அச்சுப் பளபளப்பு திரும்பாது.

ஒன்றே ஒன்று செய்யலாம். மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில், அதாவது பிவிசியில், வெகுநாள் கிடந்து பச்சையாகப் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் அதை விட்டுவைக்கக் கூடாது, அரித்துக்கொண்டே போகும். சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுங்கள், தேய்க்காமல். நகப்பூச்சு அகற்றும் வாசனைத் திரவம் இல்லை, கலப்பில்லாத அசிட்டோன், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு பக்கம் வராமல். டோனிங் போகாது, எண்ணெயும் பிசினும்தான் போகும். அப்புறம் ஓரத்தைப் பிடித்து எடுத்து மைலார் என்கிற பிவிசி கலக்காத பிளாஸ்டிக் உறையிலோ, காசுக்கென்றே வரும் கெட்டி பிளாஸ்டிக் காப்சூலிலோ போட்டு, டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்துவிடுங்கள்.

1940இலிருந்து 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய் ஏதாவது கலந்திருந்தால் அதில் வெள்ளி பாதிதான், செம்பு 40 சதவீதம், அதனால் பழுப்பாகக் கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கழுத்தில் கோக்க வளையம் பற்றவைத்த காசு இருந்தால் அதை மட்டும் தாராளமாகத் துலக்குங்க, அதற்கு எப்படியும் வெள்ளி விலைதான்.