காய் நறுக்கும் பலகை ஏன் பிளந்தது?

கேள்வி: மேப்பிள், வால்நட் பட்டைகளை மாற்றி மாற்றி ஒட்டி, 30 செ.மீ. அகலத்தில் காய் நறுக்கும் பலகை செய்தேன். இரு முனைகளிலும் குறுக்குச் சட்டம் வைத்து, பலகை முனையில் செதுக்கிய நாக்குகளை (கழுந்து) சட்டத்தின் துளைகளில் பூட்டி, முழுக்கப் பசை தடவினேன். மூன்றே மாதத்தில் நடுவில் பிளந்துவிட்டது. இரண்டு வகை மரத்தைச் சேர்த்தால் இப்படித்தான் ஆகும் என்கிறார் மரம் விற்றவர். உண்மையா?

பதில்: உண்மையல்ல. பிளக்க வைத்தவை இரண்டு: முழுக்கத் தடவிய பசை, அவர் விற்ற ஈர மரம்.

மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில்தான் சுருங்கும், விரியும். 14 சதவீத ஈரத்தோடு ஒட்டிய பலகை 8 சதவீதத்துக்கு உலர்ந்தால், உங்கள் 30 செ.மீ. அகலத்தில் 5 மி.மீ.க்கு மேல் குறையும். குறுக்குச் சட்டம் தன் நீளத்தை விட்டுக்கொடுக்காது. பசையும் பிடியை விடாது. பலகை பிளக்காமல் என்ன செய்யும்?

நடுக் கழுந்துக்கு மட்டும் பசை தடவுங்கள். ஓரக் கழுந்துகளின் துளைகளைப் பக்கவாட்டில் சற்று அகலமாக வெட்டுங்கள். பசைக்குப் பதிலாக ஓரக் கழுந்துகளைச் சட்டத்தோடு பிடிக்க மர ஆணி அடியுங்கள்; அது நுழையும் ஓட்டையைக் கழுந்தில் மட்டும் நீளவட்டமாக அராவிவிடுங்கள். பலகை அசைய இடம் கிடைத்துவிடும்.

இனி அந்த வியாபாரிக்கு வருகிறேன். 'நன்றாகக் காய்ந்த மரம்' என்பதை வாய்ச்சொல்லாக நம்பவே நம்பாதீர்கள். ஈரமானியைப் பலகையின் முனையில் குத்திக் காட்டுவார்கள். முனைதான் முதலில் உலரும் இடம். நடுவிலிருந்து ஒரு துண்டு அறுத்துக் கேளுங்கள். வீட்டில் எடை பார்த்து, ஓவனில் 103 டிகிரி செல்சியஸில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். 114 கிராம் துண்டு 100 கிராமில் நின்றால், அது 14 சதவீத ஈரத்தோடு வந்த மரம். எடையையும் நீளத்தையும் ரசீதில் எழுதுகிறவர்கள் ஈரத்தை மட்டும் எழுத மாட்டார்கள். எழுது என்று சொல்லவும் ஆளில்லை. எனக்கு ஆறாத கோபம் இது.

 

5 மி.மீ.க்கு மேல் குறையும் என்றதற்கு ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். மரத்தின் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. பச்சை மேப்பிள் முற்றிலும் உலரும்போது வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுமார் 10 சதவீதம் சுருங்கும். அடிமரத்தின் மையத்திலிருந்து வெளித்தோலை நோக்கிய திசையில் சுமார் 5 சதவீதம்தான். பட்டைகளின் முனையைப் பாருங்கள். வளைய வரிகள் படுத்திருந்தால், பட்டையைப் பக்கவாட்டில் புரட்டி வரிகள் நிமிர்ந்து நிற்கும்படி ஒட்டுங்கள். மேப்பிளின் அசைவு ஏறக்குறைய பாதியாகும். வால்நட்டில் இவ்வளவு வித்தியாசம் இருக்காது, ஆனாலும் பலன் உண்டு. பாதியானாலும் அசைவு அசைவுதான். ஆகவே ஓரக் கழுந்துக்குப் பசை அப்போதும் கூடாது.

பிளந்த பலகையை எறிந்துவிடாதீர்கள். குறுக்குச் சட்டங்களை அறுத்து நீக்கி, பலகையைச் சமையலறையிலேயே நிறுத்தி வையுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை மாறாமல் நின்ற பிறகு, பிளவின் வழியே நெடுக அறுத்து, இரு விளிம்புகளையும் இழைப்புளியால் நேராக்கி, நீர் தாங்கும் பசையால் ஒட்டிவிடுங்கள். அகலத்தில் 1 செ.மீ. போகலாம், பலகை மிஞ்சும்.