ஜேசிடியும் பஞ்சாப் எஃப்சியும் ஒன்றல்ல

வணக்கம். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துத் தொடரில் ஆடும் பஞ்சாப் எஃப்சிதான் பழைய ஜேசிடி அணியா, கட்டுரையில் எப்படிக் குறிப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு, சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

ஜேசிடி, 1971இல் பஞ்சாபின் பக்வாராவில் துணி ஆலை ஒன்று தொடங்கிய அணி. பெரிய கோல் வேட்டைக்காரரான இந்தர் சிங் அங்கே ஆடியவர். கொண்டையைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, பறந்து வரும் பந்தைத் தலையால் முட்டும் சீக்கிய வீரர்கள், என்னைப் பொறுத்தவரை அவர்கள்தான் அந்த அணியின் முகம். 1996-97இல் முதல் தேசிய கால்பந்து லீக்கையே வென்றார்கள். பயிற்சியாளர் சுக்விந்தர் சிங். இந்திய அணியின் நட்சத்திரங்களான பூட்டியா, விஜயன் எல்லாம் அப்போது அங்கேதான். 2011இல் அணியைக் கலைத்தது இன்னும் வலிக்கிறது.

சரி, பஞ்சாப் எஃப்சி? அது மினர்வா பஞ்சாப் என்ற வேறொரு அணியின் வழி வந்தது. ஐ-லீக் என்ற இன்னொரு தேசியத் தொடரில் 2017-18 பட்டம் அவர்களுடையது. 2023இல் ஐஎஸ்எல்லுக்கு உயர்ந்தார்கள்.