சம்பளம் இல்லாத கண்காணிப்பு

அன்புள்ள ஐயா,
ஜப்பானில் பரோலில், அதாவது தண்டனைக் காலம் முடியும் முன்பே நிபந்தனையோடு விடுதலையாகி, வருபவர்களையும் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டவர்களையும் ஹோகோஷி எனப்படும் தன்னார்வலர்கள் கவனித்துக்கொள்வதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். 2024-இல் ஓட்சு நகரில் ஒரு ஹோகோஷி தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவருடைய கண்காணிப்பில் இருந்தவரே கைதானார். குற்றவாளிகளை மேய்ப்பது சம்பளம் வாங்கும் அதிகாரியின் வேலை அல்லவா?
எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் முழுவதையும் அதிகாரியிடம் விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அங்கே களத்தில் இருக்கும் நன்னடத்தை அலுவலர்கள் சுமார் ஆயிரம் பேர். ஹோகோஷிகள் 47,000 பேர் அளவில். 1950-இல் வந்த சட்டப்படி இவர்களுக்குச் செலவுத்தொகை உண்டு, சம்பளம் கிடையாது. சரி, அரசுக்கு மலிவாக ஆள் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் விஷயம் காசோடு முடிவதில்லை. கண்காணிப்பில் இருப்பவரோடு மாதம் இரண்டு முறை போல உட்கார்ந்து பேசுவார்கள். வேலை கிடைத்ததா, வாடகை கட்டியாயிற்றா, பழைய சகாக்கள் தேடி வருகிறார்களா என்று போகும் பேச்சு. ஹோகோஷி மாதாமாதம் அறிக்கை அனுப்புவார். பரோலை ரத்துசெய்யக் கோரும் நடவடிக்கை அலுவலர் தரப்பிலிருந்து வரும். “முதலாளியோடு சண்டை, நாளைக்குப் போக மாட்டேன்” என்பதை அலுவலரிடம் சொல்லத் தயங்குபவர் இவரிடம் கொட்டிவிடுவார். அலுவலர் சில வருடங்களில் மாற்றலாகிப் போவார். ஹோகோஷி அதே பேட்டையில்தான் இருப்பார், கெடு முடிந்த பிறகும் கடைவீதியில் பார்த்தால் நலம் விசாரிப்பார்.

இதன் வேர் ஷிசுவோகா மாகாணத்தில் இருக்கிறது. திருந்தி விடுதலையான ஒருவர் ஊர் திரும்பியபோது மனைவி வேறொருவரோடு வாழ்ந்துகொண்டிருந்தார், உறவினர்களும் சேர்க்கவில்லை. அந்த மனிதர் குளத்தில் விழுந்து செத்தார். அதைக் கேட்டுக் கலங்கிய கின்பாரா மெய்சென் என்ற செல்வந்தர் 1888-இல், விடுதலையானவர்களுக்கு உதவ ஓர் அமைப்பைத் தொடங்கினார். திருந்த வைக்கச் சிறையால் முடிந்தது, சோறும் கூரையும் வெளியே இருப்பவர்கள்தானே கொடுக்க வேண்டும்?

எனக்குக் கோபம் வேறு இடத்தில். சந்திப்பை ஏன் ஹோகோஷியின் வீட்டுக்குள் வைக்க வேண்டும்? இவர்களின் சராசரி வயது 65-ஐ ஒட்டியது. வாசலைத் திறந்து தேநீர் கொண்டுவந்து வைக்கும் மனைவியிடம் எந்த அரசாங்கம் சம்மதம் கேட்டது? சந்திப்புக்கென்று ஆதரவு மையங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை அலுவலக நேரத்தோடு பூட்டப்பட்டால், ஷிஃப்ட் முடித்து இரவில் வருபவர் எங்கே போவார்? ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கும் ஓர் அறை, முதல் சில சந்திப்புகளில் துணைக்கு இன்னொரு ஹோகோஷி. இதற்குக்கூடப் பணமில்லை என்று ஜப்பான் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.