ஃபோம் மாற்றிய பிறகு கரகரப்பு: பழமையைக் குறை சொல்ல வேண்டாம்

வணக்கம். உங்கள் பழைய ஏஆர்-3ஏ ஒலிபெருக்கி ஜோடிக்கு வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ஓரத்து ஃபோம் வளையத்தை மாற்றிய பின் ஒரு பெட்டி மட்டும் கரகரக்கிறது என்கிறீர்கள். "ஐம்பது வருடப் பெட்டி, அப்படித்தான் இருக்கும்" என்ற கடைக்காரரின் பதிலை ஏற்காதீர்கள்.

முகத்துணியை எடுத்துவிட்டு, வூஃபரின் கோனின் (முன்னும் பின்னும் அசையும் கூம்புத் தாள்) இருபுறமும் விரல்களை வைத்துச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். மணல் தேய்வதுபோல் விரல்நுனியில் உரசல் தெரிந்தால், வாய்ஸ் காயில் (கோனின் பின்னால் காந்தத்துக்குள் அசையும் கம்பிச் சுருள்) நடுவில் இல்லை. ஒட்டும்போது கோன் சாய்ந்துவிட்டது என்று பொருள். கைதேர்ந்தவர் கோனின் நடுவில் உள்ள சிறு மூடியைப் பிரித்து, காயிலுக்கும் காந்த முனைக்கும் இடையே மெல்லிய பட்டைகளைச் செருகிவிட்டுத்தான் பசை தடவுவார். அல்லது 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெலிதாக ஓடவிட்டு, பசை காயும் முன் நகர்த்திச் சரிபார்ப்பார். உங்கள் மூடி தொடப்படவே இல்லையென்றால் அவர் இரண்டாவது வழியையாவது செய்தாரா என்று கேளுங்கள்.

இன்னொன்று: இது காற்றுப் புகாதபடி மூடிய பெட்டி. அழுத்திவிட்ட கோன் நிதானமாகத் திரும்ப வேண்டும். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்றுக் கசிகிறது. பசை விளிம்பில் வழிந்திருப்பது அசிங்கம்தான், அதற்காகச் சண்டை வேண்டாம். உரசலுக்காகச் சண்டை போடுங்கள்; மறுபடி ஒட்டித் தரச் சொல்லுங்கள். அதுவரை சத்தமாக வைக்காதீர்கள், காயிலின் காப்புப் பூச்சு தேய்ந்தால் வூஃபரே போய்விடும்.