விமானத்தின் புவியீர்ப்பு மையத்தை மூக்கிலிருந்து இத்தனை சென்ரிமீற்றர் என்று சொன்னால் போதாதா? ஏன் இறக்கை நாணின் சதவீதமாகச் சொல்கிறார்கள்?

போதாது. நீங்களும் மாதிரி விமானம் ஒன்று செய்து, அது விழுந்த பிறகுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் மட்டக்களப்பில் கணிதம் படிப்பிக்கிறவன். பாடசாலைக் கண்காட்சிக்கு என் மாணவி ஒருத்தி ரெஜிபோமில் கிளைடர் செய்தாள். இறக்கையின் நாண், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான அகலம், உடலோடு சேருமிடத்தில் 24 சென்ரிமீற்றர், நுனியில் 12. இப்படி ஒடுங்குகிற இறக்கைக்குச் சராசரிக் காற்றியக்க நாண் 18.7 வரும். வெறும் சராசரியான 18 அல்ல, அகலமான பகுதிக்குப் பரப்புக் கூட. மூக்கிலிருந்து 20 இல் அந்த நாண் தொடங்கியது, புவியீர்ப்பு மையம் 25 இல் இருந்தது. இடையிலுள்ள 5 ஐ 18.7 ஆல் பிரித்தால் 27 சதவீதம். கல்லடிக் கடற்கரையில் அழகாக மிதந்து போனது.

அடுத்த நாள் இறக்கை பிய்ந்துவிட்டது. திரும்ப ஒட்டும்போது 3 சென்ரிமீற்றர் முன்னுக்குப் போய்விட்டது. பிள்ளை கவனமாக மூக்குப் பாரத்தைக் குறைத்து மையத்தை மறுபடி 25 க்கே கொண்டுவந்திருந்தாள். "சேர், அளவு மாறவே இல்லை" என்றாள். விட்டதும் மூக்கை நிமிர்த்தி, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, மணலில் விழுந்தது. மூக்கிலிருந்து அதே 25தான், ஆனால் இறக்கைக்கு அது 43 சதவீதம். காற்று தூக்குவது இறக்கையைத்தானே! மையம் அவ்வளவு பின்னுக்குப் போனால் வாலால் சமாளிக்க முடியாது. வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளை மூக்குக்குள் திணித்து மையத்தை 22 க்குக் கொண்டுவந்தோம். திரும்பவும் 27 சதவீதம், திரும்பவும் பறந்தது.

விளையாட்டுச் சாமானை வைத்துப் பாடம் எடுக்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். செஸ்னா கிராண்ட் கரவன் என்ற சிறிய பயணிகள் விமானத்துக்கும் இதே கணக்குத்தான். நாண் 66.4 அங்குலம், அது தொடங்குவது அளவுக் கோட்டிலிருந்து, அதாவது தூரங்களை அளக்கத் தொடங்கும் கோட்டிலிருந்து, 177.57 இல், மையத்தின் பின் எல்லை 204.35 இல். கழித்துப் பிரித்துப் பாருங்கள், 40.33 சதவீதம் வரும். அளவுக் கோட்டை எங்கே வைத்தாலும் இந்தச் சதவீதம் மாறாது.

கண்காட்சியில் நடுவர் ஒருவர் "எதன் 27 சதவீதம்? சென்ரிமீற்றரில் எழுதத் தெரியாதா?" என்று கேட்டுப் புள்ளியைக் குறைத்துவிட்டார். பிள்ளை விளக்க வாயெடுக்கும் முன்பே அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.